பாதரசம் பட்ட தாலி

என் மாமா திருவொற்றியூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவர் என்பதால் ராயபுரத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டு, காலையில் டோல்கேட் வழியாகப் போகும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருவார். அங்கே கெமிஸ்ட் என்று ஒரு பெரியவர் இருந்தார். அவர் சொல்வதை அளந்து ஊற்றுவதும், காய்ச்சுவதும், எந்தச் சூட்டில் உருகுகிறது, எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்த்துச் சொல்வதும் மாமாவின் வேலை. அந்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வர அவருக்குத் தெரியாது.

எங்கள் மொட்டைமாடியில் துணி காயும் கம்பியில் அவருடைய தகரத் தகடுகள் தொங்கும். ஒன்றில் கம்பெனியின் பழைய பெயிண்ட், மற்றொன்றில் புதியது. உப்புக்காற்றில் எது முதலில் உரிகிறது என்று பார்க்க வேண்டுமாம். அம்மா ஈரப்புடவை விரிப்பதற்காக ஒரு தகட்டை மட்டும் நகர்த்திவிட்டால் மாமா கத்துவார்.

“அக்கா, ரெண்டும் ஒரே கம்பி, ஒரே ஒசரம், ஒரே காத்துல இருக்கணும். ஒண்ணு மட்டும் வேற இடத்துல இருந்தா அது சோதனையே இல்ல.”

“என் பொடவ காயலன்னா அதான்டா எனக்கு சோதனை” என்பாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்களுக்கு வித்தை காட்டுவார். வித்தை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பரிசோதனை என்று சொல்ல வேண்டும். மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் இரும்பு ஆணியைப் போட்டுச் செம்பாக்கி எடுப்பார். தேய்த்தால் அந்தச் செம்பு வந்துவிடும், உள்ளே இரும்பு அப்படியே இருக்கும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்து சிவக்க வைத்து, ஆரத்தி என்பது வேறொன்றுமில்லை, மஞ்சளும் சுண்ணாம்புக் காரமும் சேர்ந்த வினை என்றார் ஒருநாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“உன் கல்யாணத்துக்கு ஆரத்தி கெடையாது போ. ஒரு பாட்டில் திராவகத்த சுத்திப்போட்டு உள்ள கூப்புட்டுக்கறேன்.”

எங்கள் வீட்டில் அப்போது அப்பா, அம்மா, மாமா, நான், என் தம்பி, சித்தி ஆகிய ஆறு பேர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இங்கே அப்பா என்றே எழுதுகிறேன். அவர் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கிரேனுக்குக் கீழே நின்று சரிபார்ப்பவர். அப்பாவின் தம்பியான சித்தப்பா, ரங்கூனுக்குப் போய்வரும் ஒரு சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவர். சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு பொங்கல்கூட ஆகவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சித்தப்பா கரையில் இருந்த நாள்களைவிடக் கடலில் இருந்த நாள்களே அதிகம். சித்தி அதிகம் பேச மாட்டாள். எதையும் சிந்தாமல் சிதறாமல் செய்வாள். தரையில் ஒரு அரிசி கிடந்தாலும் குனிந்து எடுத்துவிட்டுத்தான் நடப்பாள்.

அப்பாவின் வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கடலில் போனவர்கள். அதனால் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆள் கடலில் இருக்கும்போது தாலியைக் கழுத்திலிருந்து எடுக்கக் கூடாது. கயிறு நைந்துபோனால்கூட அதன்மேல் புதுக்கயிற்றைச் சுற்றிக்கொள்ளலாமே தவிர, மாற்றக் கூடாது. அவர் வந்து இறங்கிய பிறகு, அவர் கையால் ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள்கிழங்கைக் கட்டிக் கழுத்தில் ஏற்றிவிட்டுத்தான் பழையதை இறக்க வேண்டும். மற்ற வீடுகளில் இவ்வளவு கண்டிப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

அது ஐப்பசி மாதத்து ஞாயிறு. காலையிலிருந்தே காற்று சரியில்லை. மாமா கைக்குட்டையில் சுற்றிய ஒரு சிறிய மைப்புட்டியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். கை சட்டென்று கீழே போயிற்று. அத்தனை சிறிய புட்டி அவ்வளவு கனமாக இருக்க முடியும் என்பதை என் கை நம்பவில்லை. உள்ளே பாதரசம். சோதனைக்கூடத்தில் உடைந்துபோன கருவி ஒன்றிலிருந்து சிந்தியதைச் சேர்த்து வைத்திருந்தாராம்.

கூடத்தின் நடுவில் ஒரு பீங்கான் தட்டில் அதை ஊற்றினார். தண்ணீர்போல ஓடியது, ஆனால் தட்டு நனையவில்லை. விரலால் அழுத்தினால் பிளந்து விலகியது, விரலை எடுத்தால் மறுபடி சேர்ந்துகொண்டது. நானும் தம்பியும் மாறி மாறி அதைக் குத்தினோம். இன்றைக்கு ஒரு குழந்தையின் கையில் அதைக் கண்டால் நான் அலறிவிடுவேன். அன்று எங்கள் வீட்டில் யாரும் எங்களைத் தடுக்கவில்லை. மாமா ஒரு பெரிய இரும்பு ஆணியை எடுத்து அதன்மேல் வைத்தார். ஆணி மிதந்தது.

“இரும்பு தண்ணில முழுவும். இதுல முழுவாது. ஏன்?” என்று கேட்டார்.

“நீ கொண்டாந்தது ஆணியே இல்ல, அதான்” என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மோதிரக் கையால் தட்டைத் தொடப் போனபோது மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கம் போட்டவர்கள் தள்ளி நிற்க வேண்டும், இது தங்கத்தைத் தின்றுவிடும் என்றார். அதற்கும் சிரித்தார்கள். அதற்குள் அம்மா என்னைத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளத் துரத்திவிட்டாள். சமையலறை வாசற்படியில் சித்தி என்னைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் உட்காரவைத்து நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா சொன்னது எனக்குக் கேட்டது. சித்தியின் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. விழுந்திருந்தாலும், தங்கத்தைத் தின்பது என்று ஒன்று உலகத்தில் இருக்க முடியும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

அப்போது தெருவில் யாரோ ஓடிக்கொண்டே கத்தினார்கள்.

“ஆர்பர்ல கூண்டு ஏத்திட்டாங்கோ. பெரிய கூண்டு.”

துறைமுகக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏறுவது என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் பேசத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். அப்பாவும் மாமாவும் கடற்கரைப் பக்கம் ஓடினார்கள். அம்மா துணி எடுக்க மாடிக்கு ஓடினாள். அப்பாவின் பின்னால் எழுந்து ஓடிய தம்பியின் கால் தட்டில் பட்டு, பாதரசம் கூடம் முழுவதும் மணி மணியாகச் சிதறியது.

வீட்டில் நானும் சித்தியும் மட்டும் இருந்தோம். சித்தப்பாவின் கப்பல் ரங்கூனிலிருந்து கிளம்பியிருக்க வேண்டிய நேரம் அது. முந்தின நாள்தான் அப்பா சொல்லியிருந்தார்.  சித்தி எண்ணெய்க் கையோடு கூடத்துக்குப் போய், குனிந்து, சிதறிய மணிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் சேர்க்கத் தொடங்கினாள். அவை நழுவி ஓடின. விடாமல் விரலால் அழுத்தித் தள்ளிச் சேர்த்தாள். அவள் விரல்களில் எண்ணெயோடு சேர்ந்து சாம்பல்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். தரை சுத்தமான பிறகு எழுந்து, மாடத்தில் இருந்த வடிவுடையம்மன் படத்துக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளாலும் தாலியை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே நின்றாள்.

கையை இறக்கினாள். தாலியின் இரண்டு பொட்டுகளில் ஒன்று வெள்ளையாக இருந்தது.

முதலில் நான் அதை ஏதோ வெளிச்சம் என்று நினைத்தேன். சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது பளபளவென்று இன்னும் வெளுத்தது. அடுத்த பொட்டுக்கும் பரவியது. பக்கத்தில் கோத்திருந்த தங்கக் குண்டுமணி ஒன்றும் வெளுத்தது. மஞ்சளாக இருந்த ஒரு பொருள் கண்ணெதிரே புது அலுமினியப் பாத்திரத்தின் நிறத்துக்கு மாறுவதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஆணி செம்பானபோது கைதட்டிய நான், இதைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.  சித்தி சுவரில் சாய்ந்தபடியே கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா துணிமூட்டையோடு இறங்கி வந்தாள். பார்த்தாள். துணியெல்லாம் தரையில் விழுந்தது. பின்கட்டில் குடியிருந்த அத்தை, அவர் எங்களுக்கு உறவில்லை, கூண்டுச் செய்தி கேட்டு வந்தவர், வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“கூண்டு ஏத்தன நேரத்துலயா இப்டி ஆச்சு?”

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் சித்தி அழத் தொடங்கினாள்.

மாமா நனைந்துகொண்டு, அலை எவ்வளவு உயரம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். சித்தியின் கழுத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. தட்டைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“பாதரசத்த யாரு கையால தொடச் சொன்னது?”

அம்மா கையில் கிடைத்த ஈரத்துண்டால் அவரை மாறி மாறி அடித்தாள். “படுபாவி, வூட்டுக்குள்ள எத்த கொண்டாந்து வெச்ச? எத்தடா கொண்டாந்து வெச்ச?” மாமா அடியைத் தடுக்கவில்லை. அடி வாங்கிக்கொண்டே விளக்கினார். இது பாதரசம் தங்கத்தோடு சேர்வதால் வரும் நிறம். தங்கம் எங்கும் போகவில்லை. நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் பழையபடி வந்துவிடும். நகை செய்யும் பத்தரிடம் கொடுத்தால் ஒரு காலைநேரத்து வேலை.

“நெருப்புலயா?” என்றாள் சித்தி. “கழட்டிட்டா?”



அப்பாவும் வந்து சேர்ந்தார். கப்பல் பெரியது, ஒன்றும் ஆகாது என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். மாமா அவரிடம் மோதிரத்தைக் கேட்டார். அப்பா கழற்றிக் கொடுத்தார். மாமா தட்டில் இருந்த ஒரு துளியை மோதிரத்தின்மேல் தேய்த்தார். மோதிரமும் எங்கள் எல்லோர் கண்ணெதிரே வெளுத்தது. பின்கட்டு அத்தை தன் கம்மல் இரண்டையும் கையால் மூடிக்கொண்டார்.

“பாத்தியா? தங்கம்னா இப்டித்தான் ஆவும். எந்தத் தங்கமா இருந்தாலும் ஆவும்” என்றார் மாமா. சித்தியின் முன்னால் மோதிரத்தை நீட்டிக்கொண்டு, கெஞ்சுகிற குரலில்.

சித்தி அதைப் பார்த்தாள். பிறகு மாமாவிடம் சொல்லாமல் அம்மாவிடம் சொன்னாள்.

“மோதரத்துக்கு இன்னாக்கா தெரியும்? தாலிக்குத் தெரியும்கா.”

பின்கட்டு அத்தை தலையாட்டினார். உண்மையைச் சொன்னால் நானும் தலையாட்டினேன். மாமா தன் பரிசோதனையில் தோற்றுவிட்டார் என்பது அந்த வயதிலும் எனக்குப் புரிந்தது. மோதிரமும் தாலியும் ஒரே கம்பியில் தொங்கும் தகடுகள் அல்ல. ஒன்றுக்குப் பின்னால் யாரும் இல்லை. மற்றொன்றுக்குப் பின்னால் கடலில் ஒரு ஆள் இருந்தார்.

சித்தி சாப்பிடவில்லை. சாயந்திரம் மழை பிடித்துக்கொண்டது. விளக்கேற்றுகிற நேரத்துக்குக் காற்று ஜன்னல் கதவைப் பிடுங்கப் பார்த்தது. சித்தி அதே சுவரோரம், அதே இடத்தில், தாலியை உள்ளங்கையில் மூடியபடி உட்கார்ந்திருந்தாள்.  தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடு காய்ந்து கண் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அவளுக்கு ஏதோ ஆகப் போகிறது என்று பெரியவர்கள் பயந்தார்கள். பின்கட்டு அத்தை, மறுபடி அழுதுவிட்டாலாவது தேவலை என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். நேராக மாமாவின் தட்டுக்குப் போனாள். சுண்டுவிரலால் ஒரு துளியை ஒதுக்கிக் கட்டைவிரலில் ஏற்றினாள். சித்தியின் எதிரே உட்கார்ந்து, தன் தாலியை வெளியே எடுத்து, பொட்டின்மேல் அதை வைத்து, சந்தனம் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள்.

அப்பா, “ஏய்” என்றார்.  மாமா எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மாவின் தாலி வெளுத்தது. ஒரு பொட்டு, அடுத்த பொட்டு, இரண்டு குண்டுமணி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோதும் அது வெள்ளையாகவே இருந்தது.

“இந்தா” என்றாள் அம்மா. குரல் சாதாரணமாக, சந்தையில் பேசுகிற குரலாக இருந்தது. “என்னுதும் வெளுத்துப்போச்சு. எம்புருசன் எங்க கீறாரு? இதோ, தூண் மாதிரி நின்னுக்கினு கீறாரு. நல்லா பாத்துக்க. உன்னுது சொல்றது நெசம்னா என்னுது சொல்றதும் நெசம்தானே?”

சித்தி அம்மாவின் தாலியைப் பார்த்தாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அப்பாவுக்குத் தம்பி மனைவி. அப்பாவை நேருக்கு நேர் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா செய்வதறியாமல் இருமினார். அந்த இருமலைக் கேட்டதும் சித்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, “எழுந்து ரெண்டு வாய் துண்ணு. கொழம்பு ஆறிக்கினு கீது” என்றாள். பின்கட்டு அத்தை மழையில் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

சித்தி சாப்பிட்டாள்.

மாமா மறுநாளே அம்மாவின் தாலியையாவது பத்தரிடம் கொண்டுபோகலாம் என்றார். அப்பாதான் ஊரில் இருக்கிறாரே, கயிறு மாற்றத் தடையில்லை. அம்மா மறுத்துவிட்டாள். அவளுடையது எப்போது மாறுகிறதோ அப்போது என்னுடையதும் மாறும், ஒன்று மட்டும் மாறினால் அது சோதனையே இல்லை என்று நீதானே சொல்வாய் என்று மாமாவையே மடக்கினாள். மாமா என் பக்கம் திரும்பி, “உங்கம்மாவ எங்க கம்பெனில சேத்திருக்கணும்” என்றார். நான் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமா செய்யத் தவறியதை அம்மா செய்து காட்டிவிட்டாள். அம்மாவுக்கு ரசாயனம் தெரியும் என்ற முடிவுக்கு நான் அன்றே வந்துவிட்டேன்.

புயல் எங்களைத் தொடாமல் வடக்கே ஆந்திரக் கரைப் பக்கம் போய்விட்டது. கூண்டை இறக்கினார்கள். ஆனால் கப்பல் வரவில்லை. கப்பல் கம்பெனி ஆபீசில் கேட்டால், தகவல் இல்லை என்றார்கள். சித்தி தாலியை ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு நடமாடினாள். அம்மா தன்னுடையதை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். குழாயடியில் பேச்சு நின்றுபோவதை, குடத்தோடு கூடப் போன நானே பார்த்திருக்கிறேன். “இன்னாம்மா இது கழுத்துல?” என்று யாராவது கேட்டால், “பாதரசம். எங்கூட்டு விஞ்ஞானி பண்ணது” என்று சொல்லிவிட்டுக் குடத்தை வைப்பாள்.

அந்த நாள்களில் அம்மா அப்பாவிடம் நடந்துகொண்ட விதம் எனக்குப் புதிராக இருந்தது. உங்களுக்கு உடம்பு சூடாக இருக்கிறது, லீவு போடுங்கள் என்றாள். அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கிரேனுக்கு நேர்கீழே நிற்காதீர்கள் என்றாள். “அப்பறம் மேலயா நிக்கறது?” என்றார் அப்பா. சைக்கிளைப் பூட்டிச் சாவியைக் காணோம் என்றாள். அந்தச் சாவி அவள் முந்தானை முடிச்சில் இருந்ததை நான் பார்த்தேன். விடியற்காலையில் நான் கண்விழித்தபோது ஒருமுறை, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் மூக்குக்கு நேராக அவள் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். கொசு ஓட்டுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன்.

மழையால் பள்ளிக்கு விடுமுறை. வழக்கமாக அப்பாவே சோறு கொண்டுபோவார். இப்போது அம்மா என்னிடம் தூக்குச்சட்டியைக் கொடுத்துத் துறைமுக வாசலுக்கு அனுப்பினாள். அப்பா வந்து வாங்கிச் சாப்பிட்டுக் காலிச் சட்டியைத் தருவார். வீட்டுக்கு வந்ததும் அம்மா விசாரிப்பாள். என்ன சாப்பிட்டார், உட்கார்ந்து சாப்பிட்டாரா, என்ன சொன்னார். நான் ஒன்றுவிடாமல் சொல்வேன்.

ஒருநாள் வாசலில் வெகுநேரம் காத்திருந்தும் அப்பா வரவில்லை. காவல்காரர், உள்ளே சரக்கு இறங்குகிறது, வர நேரமாகும், சட்டியை எடுத்துக்கொண்டு போ என்றார். நான் திரும்பி வந்தேன். அம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே என் கையிலிருந்து சட்டியை வாங்கினாள். அதன் கனம் அவள் கைக்குத் தெரிந்தது.

அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஈரக் கையோடு, சொருகிய புடவையோடு, செருப்பில்லாமல் தெருவில் இறங்கினாள். சித்தி பின்னாலிருந்து, “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டாள். அம்மா ஓடினாள். கோயிலுக்குப் போகும்போதுகூட ஓரமாக நடக்கிறவள், லாரிகளுக்கு நடுவே ஓடினாள். தண்டவாளத்தைத் தாண்டினாள். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். எதற்காக அழுதேன் என்று எனக்கே தெரியாது.

காவல்காரர் மறித்தார். “யாரும்மா வேணும்? பேரு இன்னா?”

அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். கட்டிய நாளிலிருந்து அப்பாவின் பெயரை அவள் சொன்னதில்லை. அப்போதும் அது வாயில் வரவில்லை. காவல்காரர் மறுபடி கேட்டார். அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். தோள் வலித்தது. நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

நாங்கள் நின்றோம். கிரேன் ஒன்று மூட்டைகளைத் தூக்கிச் சுழன்றுகொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பா வந்தார். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூள், காதில் பென்சில்.

“இன்னாடி? யாருக்கு இன்னா?” என்றார் பதறிக்கொண்டு.

அம்மா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு இத்தனை தூரம் தன் கையிலேயே இருந்த சட்டியை நீட்டினாள்.

“சோறு ஆறிப்போச்சு.”

அப்பா சுற்றிலும் பார்த்தார். கூலிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். “சோத்துக்கா இப்டி ஓடியாந்த?” என்றார்.  அவர் வாசல் சுவரோரம் நின்றபடியே சாப்பிட்டார். கடைசிப் பிடிவரை அம்மா கண்ணெடுக்காமல் பார்த்தாள். அரிசி கிடைக்காத காலம் அது. சோறு வீணாவதை அம்மா பொறுக்க மாட்டாள். ஆனால் அதற்காக இவ்வளவு தூரம் ஓடிவர வேண்டுமா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. திரும்பி நடக்கும்போது அவள் கால் கட்டைவிரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

கப்பல் வந்தது. சித்தப்பா தாடியும் ரங்கூன் லுங்கியுமாக, ஒரு சுற்று பெருத்து வந்து இறங்கினார். புயல் எச்சரிக்கை வந்ததால் கப்பல் ரங்கூன் ஆற்றைவிட்டுக் கிளம்பவே இல்லையாம். பிறகு ஏதோ பழுது என்று இன்னும் தாமதம். அத்தனை நாளும் நங்கூரம் போட்ட கப்பலில் சீட்டாடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.  சித்தி ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை எடுத்துக் காட்டினாள். அவர் சிரிப்பு நின்றது.

மறுநாள் காலையில் சித்தப்பா சித்திக்கும், அப்பா அம்மாவுக்கும் மஞ்சள்கிழங்கு கட்டிய கயிற்றை ஏற்றினார்கள். பிறகு அப்பாவின் மோதிரத்தையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் கல்மண்டபம் பக்கத்தில் இருந்த பத்தரின் பட்டறைக்குப் போனோம். மாமா பத்தரைக் கொல்லைப்புறத்தில் வெட்டவெளியில் அடுப்பு வைக்கச் சொன்னார். அந்தப் புகை விஷம் என்று, காற்று வரும் பக்கமாக எங்களை நிற்கவைத்தார். பத்தர் குழலால் ஊதினார். முதலில் சித்தியுடையது. வெண்மை மங்கியது, சாம்பலானது, பிறகு பழுப்பானது. ஆறவைத்து, புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்த்தார். தங்கம் தெரிந்தது. சித்தப்பா, “அட” என்றார். சித்தி இரண்டு கைகளையும் கூப்பினாள். மாமா தானே தங்கத்தைப் படைத்துவிட்டதுபோல நின்றார்.

அடுத்து அம்மாவுடையது. எல்லோரும் நெருப்பைப் பார்த்தோம். நான் மட்டும் ஒருமுறை திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் நெருப்பைப் பார்க்கவில்லை. மாமரத்தடியில் பத்தரின் மகனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழல் ஊதி முடியும்வரை அவள் கண் அவரைவிட்டு நகரவில்லை. பத்தர், “தங்கம் முழுசா வந்துடுச்சும்மா” என்று சொன்ன பிறகுதான் திரும்பினாள். தாலியை வாங்கிப் பார்க்காமல் அப்படியே கையில் மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்த உரலின்மேல் உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் வெகுதூரம் நடந்ததால் என்று நினைத்தேன். தூரம் அதிகமில்லை.

திரும்பி வரும்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். சித்தி அவ்வளவு பயந்தாளே, பின்கட்டு அத்தை பயந்தாரே, மாமாவே முதலில் பயந்தாரே. நீ மட்டும் எப்படிப் பயப்படாமல் அதை எடுத்துத் தேய்த்தாய், ஒன்றும் ஆகாது என்று உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று.

“எனக்கு இன்னாடி தெரியும்” என்றாள் அம்மா.

அதை நான் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். நிறையத் தெரிந்தவர்கள் தெரியாது என்றுதான் சொல்வார்கள் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். பள்ளி திறந்ததும் வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்: எங்கள் வீட்டில் பாதரசத்துக்குப் பயப்படாத ஒரே ஆள் எங்கள் அம்மாதான்.